அக்காவுக்கு வலித்தது

எங்கள் கிணற்றடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு துவைக்கிற கல் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாம் மாதத்தில் ஒருநாள் காலை, குடத்தோடு போனபோது அக்கா அந்தக் கல்லின்மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. வயிற்றைக் கல்லோடு சேர்த்து அழுத்தி, இரண்டு கைகளாலும் அதன் ஓரங்களைப் பிடித்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தரையில் புரண்டது. துவைக்க வந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்துக் குடத்தை வைத்துவிட்டு ஓடினேன். அவள் தலையைத் தூக்காமலே, "ஒண்ணும் இல்ல. இப்டி அமுத்திக்கினா கொஞ்சம் தேவல. அத்தையாண்ட சொல்லாத" என்றாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. என்னைவிட நாலு வயது மூத்தவள். செம்பரம்பாக்கத்துப் பெண். ஏரித் தண்ணீர் பாயும் வயலில் பிறந்து வளர்ந்ததால் நாற்று நடுவதில் அவளுக்கு இணையாக எங்கள் கரையான்சாவடியில் ஆள் இல்லை. அவள் கணவரை நான் மாமா என்பேன்; அவரும் அவளும் பயிரைப் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் ஆவடியில் புதிதாக வந்திருந்த ராணுவ முகாமில் கணக்கெழுதும் வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தார். மாமனார் இல்லை. வீட்டு நிர்வாகம் முழுக்க மாமியார் கையில்.

யுத்தக் காலம் அது. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது, பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று சொல்லி ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு எங்கள் பக்கம் வந்து குவிந்திருந்தார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவேதான் எங்கள் கல்யாணம் நடந்தது. கல்யாணச் சமையலுக்காக வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்களுக்கெல்லாம் புதிதாக ஈயம் பூசினார்கள். அதில் ஒரு பெரிய தவலை. உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. அந்தச் சமயத்தில் பழையது போட்டு வைக்கும் மண்பானை விரிசல் விட்டுவிட்டதால், மாமியார் மிச்சச் சோற்றை அந்தத் தவலையிலேயே போட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கத் தொடங்கினார். மீந்த புளிக்குழம்பும் அதேபோல ஒரு சின்னப் பித்தளைக் குண்டானில் மறுநாள் வரை இருக்கும். வயலாட்களுக்குக் கூழ் எப்போதும்போல் தனியாக மண்சட்டியில். இதையெல்லாம் அன்றைக்கு யாரும் கவனித்துப் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது?

ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். அப்புறம் மாமியார், புது மருமகளான என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாப்பிடுவார். அக்கா கடைசி. அது யாரும் போட்ட சட்டமில்லை. அவள் வயலிலிருந்து வருவதற்குள் எங்கள் பந்தி முடிந்திருக்கும். சூடாக வடித்தது தீர்ந்திருக்கும். காலையில் தவலையிலிருந்த பழையது, மத்தியானம் குண்டானில் மிஞ்சிய நேற்றைய குழம்பு, இதுதான் அவள் சாப்பாடு. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நாளில் ஒரு பருக்கையைக் கொட்ட மனம் வராது. அவள் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. புளித்த பழையதோடு ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, "ஏரிக்காத்து அடிக்கிற எடத்துல குந்திகினு துன்னா இன்னும் நல்லா இருக்கும்டி" என்பாள்.

சொல்லாதே என்று அவள் சொன்னதை நான் அன்று மத்தியானமே சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தில்தான். மாமியார் கொடுமைக்காரி இல்லை. கேட்டதும் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் விளக்கெண்ணெய். வலி போய், பத்து நாளில் திரும்பி வந்தது. சூடு என்றார்கள், வெந்தயம் ஊறவைத்தார்கள். பூச்சி என்றார்கள், வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைத்தார்கள். கனமான நாற்றுக்கட்டைத் தூக்கியதில் குடல் ஏறிவிட்டது என்று பூந்தமல்லியிலிருந்து ஓர் அம்மாள் வந்து எண்ணெய் தடவி, மேலிருந்து கீழாக உருவிவிட்டுப் போனார். குலசாமிக்கு விட்டுப்போன பொங்கலையும் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் சில நாள் அடங்கின மாதிரி இருக்கும். பிறகு ஒரு காலையில் அந்தத் துவைக்கிற கல்லின்மேல் அவள் கிடப்பாள். முகம் வெளுத்துப்போனது. வாயில் எப்போதும் செப்புக்காசை ஒதுக்கி வைத்த மாதிரி ஒரு ருசி என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

புரட்டாசியில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாள். வலி இல்லை. கன்னம் தேறி, தீபாவளிக்குச் சிரித்த முகமாக வந்து இறங்கினாள். கார்த்திகை முடிவதற்குள் மறுபடி வலி. அப்போதுதான் பேச்சு திசை மாறியது. தாய்வீட்டில் வராத வலி இங்கே மட்டும் ஏன் வருகிறது? அதுவும் புது மருமகள் வந்த நாளிலிருந்து ஏன் வருகிறது? பக்கத்து வீட்டுப் பெண்கள் இதை என் காதுபடவே சொன்னார்கள். பொறாமையாம். வேலைக்குக் கள்ளமாம். ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டது, அதற்கு மருந்து தேவைப்படவில்லை.

நானும் அதை நம்பினேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஒருநாள் களை எடுக்கும்போது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய்ச் சுருண்டாள். கூட நின்ற பெண்ணொருத்தி, "இன்னாத்துக்காம் இப்போ?" என்று கேட்டாள். நான், "செம்பரம்பாக்கத்து வண்டி வந்தா சரியாப் பூடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரப்பு ஒன்றும் தூரத்தில் இல்லை.

மார்கழியில் அவளுக்கு இரண்டு மாதக் கரு கலைந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய முதல் கரு. தை பிறந்ததும் மாமியார் அவளைத் திரும்பவும் வண்டியேற்றினார். "ஒடம்பு நல்லா ஆனப்புறம் வந்தா போதும்" என்றார். எப்போது நல்லாகும், யார் வந்து அழைப்பார்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தன் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள். மாமா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பங்குனிக்குள் வேலப்பன்சாவடியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருப்பதாக வீட்டில் பேச்சு எழுந்தது. மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா போனதும் அவள் வேலை எனக்கு வந்தது. வேலையோடு அவள் சாப்பாட்டு நேரமும் வந்தது. வயலிலிருந்து திரும்பிக் கடைசியாக உட்கார்ந்தவள் நான். தவலையிலிருந்த பழையது எனக்கு. குண்டானின் அடியில் கிடந்த குழம்பு எனக்கு. ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பசி குறைந்தது. நான் அப்போது முழுகாமல் இருந்தேன், அதனால்தான் என்று நினைத்தேன். சித்திரையில் ஒருநாள் காலை மாடு கட்டும் இடத்தில் சாணி வாரிக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி ஏதோ முறுக்கியது. ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்துப் பிழிகிற மாதிரி இருந்தது. மூச்சு நின்றுபோய், எதையாவது வயிற்றோடு அழுத்திக்கொள்ள வேண்டும் என்று கண் தேடியது. போய்ச் சேர்ந்த இடம் கிணற்றடிக் கல். அதன்மேல் கவிழ்ந்த பிறகுதான் நான் எங்கே கிடக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. வலியைவிட அது பெரிதாக இருந்தது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் ஒரு தாய்வீட்டு வண்டி வரும் என்று பயம். நாலாம் நாள் மாமியாரே பார்த்துவிட்டார். பதறிப்போனார். "புள்ளத்தாச்சிப் பொண்ணு, வலிய வச்சிகினு சும்மா கீறியே" என்று கடிந்துகொண்டு, அன்றைக்கே என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கிளம்பினார். அக்காவுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் நடக்காதது எனக்கு ஒரே காலையில் நடந்தது.

பட்டணத்திலிருந்து குண்டு பயத்தில் வந்தவர்களில் ஒரு டாக்டரம்மாவும் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் பெண்களை மட்டும் பார்த்தார். ஒரு நீள மேசையில் என்னைப் படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே அழுத்தி, "இங்க வலிக்கா?" என்றார். பித்தப்பையில் கல் இருந்தால் அங்கே வலிக்குமாம். நடுநெஞ்சுக்குக் கீழே அழுத்தினார். குடற்புண்ணுக்கு. அடிவயிற்றின் வலப்பக்கம், குடல்வாலுக்கு. பிறகு கருவைச் சோதித்தார். பசியோடு இருந்தால் கூடுகிறதா, சாப்பிட்டால் கூடுகிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று, மலத்தில் பூச்சி தெரிகிறதா. ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். வயிறு வலிக்க இத்தனை காரணங்கள் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அழுத்தினால் வலி குறைகிறது என்று நான் சொன்னதும் அவர் கை நின்றது. வெளிச்சத்துப் பக்கம் என் முகத்தைத் திருப்பி, உதட்டைக் கீழே இழுத்து, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் ஓடிய கறுநீலக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உம் புருஷன் பெயிண்ட் அடிக்கிற வேலையா பாக்காரு?"

இல்லை, கணக்கெழுதுகிறார் என்றேன்.

"என்ன சாப்பிடுதே? எதுல வச்சுச் சாப்பிடுதே?"

சொன்னேன். தவலை என்றதும் எப்போது ஈயம் பூசியது என்று கேட்டார். பிறகு, "வீட்ல வேற யாருக்கும் இந்த மாதிரி வலி உண்டா?" என்றார்.

மாமியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னேன். "எனக்கு முன்னாடி அந்தத் தவலைல துன்னவங்களுக்கு இருந்துச்சு. நாங்க யாரும் நம்பல."

மறுநாள் என் கணவர் தவலையைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனார். டாக்டரம்மா ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து உள்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தாராம். பென்சிலால் கோடு இழுத்த மாதிரி கறுப்பாக வந்ததாம். பூச வேண்டியது வெள்ளீயம், இதில் பெயிண்டில் போடுகிற காரீயம் கலந்திருக்கிறது, புளித்த நீரும் புளிக்குழம்பும் பட்டால் அது கரைந்து உள்ளே போகும், வயிற்றை முறுக்கும், கருவையும் கலைக்கும் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு இப்போதுதான் ஆரம்பம், உடனே நிறுத்தினால் குழந்தைக்குப் பயமில்லை என்றார். கொஞ்ச நாள் கழித்து ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தபோது மாமியார் நிறுத்திக் கேட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை. "வெள்ளீயம் எங்கம்மா கெடைக்குது? மலேயாவுலேர்ந்து கப்பல் வரது நின்னுபோச்சு. கொஞ்சம் காரீயம் சேத்துகினேன். பளபளன்னுதானே இருந்துச்சு" என்றார்.

வைகாசியில் மாமா செம்பரம்பாக்கம் கிளம்பினார். நானும் வருவேன் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாமியார் தடுக்கவில்லை. அக்கா ஏரிக்குக் கீழே தன் அப்பாவின் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து நிமிர்ந்தாள், கரைக்கு வரவில்லை. மாமா வரப்பில் நின்றபடி தவலை, ஈயம், டாக்டரம்மா என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்து, "ஊட்டுக்கு வா" என்றார்.

அக்கா, "யாருக்கு வலிச்சுது?" என்று கேட்டாள்.

நான் சேற்றில் இறங்கினேன். "எனக்குக்கா."

"எப்டி வலிக்கும்?"

ஈரத்துணியைப் பிழிவதைப் பற்றிச் சொன்னேன். கவிழ்ந்து அழுத்தினால் கொஞ்சம் தேவலாம் போல இருப்பதைச் சொன்னேன். வாயில் செப்புக்காசு ருசி என்றேன். அவள் கையிலிருந்த நாற்றுமுடி தண்ணீரில் விழுந்தது. "அதேதான்" என்றாள். "அதேதான்டி." அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஒரு வருஷத்தில் வலிக்கும்போதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அழுது முடித்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வலிச்சப்போ அது பொய்யி. உனக்கு வலிச்சதும் நெசமாப் பூடுச்சு."

நான், "அன்னிக்கி நானும் சிரிச்சேன்க்கா" என்றேன்.

"தெரியும். காதுல உழுந்துச்சு." என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "சேத்துல நிக்காத. வழுக்கும். மேல ஏறு" என்று கையைக் கொடுத்தாள்.

பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "வேலப்பன்சாவடிக்குப் பொண்ணு பாக்கப் போனீங்களா?"

"போவல."

"போமாட்டேன்னு சொன்னீங்களா?"

மாமா வண்டி மாட்டின் பக்கம் பார்த்தார். அவள் விழுந்த நாற்றுமுடியை எடுத்து அலசினாள். "இத நட்டது நானு. அறுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வெறும் வண்டியில் திரும்பினோம்.

அடுத்த வாரம் மாமா தனியாகப் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். அக்காவின் அப்பா வயலில் இறங்கிக் களை எடுத்தார், மடை திருப்பினார். பெண் எடுத்த ஊருக்கு மருமகன் இப்படி வந்து சேற்றில் நிற்பது அந்தக் காலத்தில் கேலிக்கு இடமான காரியம். எங்கள் தெருவிலும் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடிக் கடைசியில் கதிர் அறுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அறுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆவணியில் அக்கா வந்து இறங்கினாள். டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவள் ஈறிலும் அந்தக் கோடு இருந்த அடையாளம் மங்கலாகத் தெரிந்தது. "நீ சொன்னது அத்தனையும் சரிதாம்மா" என்றார் டாக்டரம்மா. அக்கா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் எனக்குப் பசிக்கிறது என்று சொல்லியும் சோறு போடவில்லை. அக்கா வயலிலிருந்து வரட்டும் என்றார். அவள் வந்ததும் மூன்று தட்டு வைத்து, புது மண்பானையிலிருந்த பழையதை மூன்று பங்காக்கினார். அரிசி அப்போதும் தட்டுப்பாடுதான், கொட்ட முடியாது. "மிஞ்சினா இனிமே மூணு பேருக்கும்தான்" என்றார். அவர் இருந்தவரை அப்படியே நடந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட அந்த மத்தியானங்கள்தான் அந்த வீட்டைப் பற்றி எனக்கு இப்போது அதிகமாக நினைவிருப்பவை. மாமியார் பேச ஆரம்பித்தால் சிரித்துச் சிரித்துப் புரையேறும் என்பதே எனக்கு அதற்கு முன்பு தெரியாது.

ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்தாள். பிரசவத்தின்போது என் தலையை மடியில் வைத்திருந்தவள் அக்கா. அவளுக்கு ஒரு மகன் பிறக்க இன்னும் மூன்று வருஷம் ஆனது. யுத்தம் முடிந்திருந்தது, சுதந்திரம் வந்திருக்கவில்லை. டாக்டரம்மா பட்டணத்துக்கே திரும்பிப் போயிருந்தார்.

எங்கள் வயல்கள் இப்போது மனைகளாகிவிட்டன. வேலப்பன்சாவடிப் பக்கம் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் காட்டுகிறார்கள். எண்பது வயதை நெருங்கும்போது அக்காவுக்குத் திடீரென்று ஒரு வலி வந்து அங்கே சேர்த்தோம். கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பேரன் வயதுள்ள டாக்டர் ஒருவர் குனிந்து, "பாட்டி, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதாண்ட கேளு நைனா. அது சொன்னாதான் நம்புவாங்க."

டாக்டர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அக்காவின் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. ஆனால் அவள் பார்வை என்மேலேயே இருந்தது, காத்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதுங்க" என்றேன். "காலையிலேர்ந்து வலிக்குது. அவங்க கொறச்சுத்தான் சொல்லுவாங்க. நீங்க அதுக்கு மேலயே வச்சுப் பாருங்க."